சிறுதேரும் நடுகல்லும்

பெரியதொன்றைச் சிறியதாகச் செய்து கண்டு மகிழ்தல் மக்கட்கு இயல்பாய் அமைந்த பண்புகளுள் ஒன்று. மணலில் வீடு கட்டிச் சிரட்டையிற் சோறு சமைக்கும் சிறுமியும், காகிதக் கப்பலை மழைநீரில் விட்டுப் பின்தொடர்ந்து ஓடும் சிறுவனும் இப்பண்பு பற்றியே விளையாடுகின்றனர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பிள்ளைக்குரிய பத்துப் பருவங்களுள் இறுதியாகச் சிறுதேரை வைத்தனர். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறார் குதிரை பூட்டாத மூன்றுருளைச் சிறுதேரை உருட்டி விளையாடிய செய்தியைப் பட்டினப்பாலையிற் காண்கின்றோம். தேர் என்பது யாது? நால்வகைப் படையுள் ஒன்றன்றோ? அரசர் போர்க்களத்தில் ஊர்ந்து சென்ற கருவியே மனைமுற்றத்திற் குழந்தையின் கைப்பொருளாயிற்று. ஆகவே, போர்க்கருவியைப் பொம்மையாக்குதல் இக்காலத்தார் புதிதாகக் கண்ட வழக்கம் அன்று என்பது தெளிவு.

இக்காலத்துச் சிறுதேர் ஒன்றைக் குறித்துச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். அஃது, இரண்டாம் உலகப்போரிற் புகழ்பெற்ற ஸ்பிட்பயர் என்னும் சண்டை விமானத்தின் மாதிரி. உறுப்புக்கள் தனித்தனியே ஒரு பெட்டியில் அடைக்கப்பெற்று வர, வாங்குவோர் தம் கையாலேயே அவற்றை ஒட்டி, வண்ணம் தீட்டி, விமானமாக்கிக் கொள்ளுதல் முறை. மாணவருள் இதனிற் பொழுது போக்குவார் சிலர் உளர். அவர்களைக் குறித்து இரு கட்சியார் வழக்கிடுகின்றனர். “கொலைக் கருவியை அழகுபொருளாக்கி மேசைமேல் வைத்தல் அறிவுடையார்க்கு அடாது” என்பர் ஒரு சாரார். “விளையாட்டை விளையாட்டாகவே விடுக, அதன்கண் அறநூல் ஓதவேண்டா” என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியும் முழுதும் பொருந்துவன அல்ல என்பதே எனது கருத்து. மாதிரி செய்தல் நன்று. ஆயின் மாதிரி காட்டாது விடுவதையும் செய்வோன் அறிந்திருத்தல் வேண்டும் என்பதை இயன்றவரை நிறுவ முயல்வேன்.

முதற்கண் மெய்யான விமானத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஸ்பிட்பயரை வகுத்தவர் ஆர். ஜே. மிட்செல் என்னும் ஆங்கிலேயப் பொறியியலார். சௌதாம்ப்டன் நகரைச் சார்ந்த சூப்பர்மரின் தொழிற்சாலையில் அவர் தலைமைப் பணி பூண்டிருந்தார். 1933-ஆம் ஆண்டிற் புற்றுநோய்க்காக அறுவை மருத்துவம் செய்துகொண்ட பின்னரும் அவர் ஓய்ந்திலர். 1936 மார்ச்சு 5-ஆம் நாள் முதல் ஸ்பிட்பயர் ஈஸ்ட்லீ நிலையத்தினின்று வானில் எழுந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், தம் நாற்பத்திரண்டாம் அகவையில், மிட்செல் காலஞ்சென்றார். தாம் வகுத்த விமானம் ஒன்று பறந்ததை அவர் கண்டார். அது படையிற் சேர்ந்ததையோ போரில் வென்றதையோ கண்டிலர். 1938-இல் விமானப்படை அதனை ஏற்றது. பின்னர்க் கட்டப்பெற்றவை இருபதினாயிரத்திற்கும் மிகுதி.

அதன் இறகின் வடிவம் காண்பார் கண்ணைக் கவர்வது. நீள்வட்டமாய் வளைந்து நுனியில் மெலிந்து முடியும் அவ்விறகினை நோக்குவோர், அழகு கருதியே அவ்வாறு அமைத்தனர் என எண்ணுவர். உண்மை அஃதன்று. இறகு மெல்லிதாயின் விரைவு மிகும். ஆனால் எட்டுத் துப்பாக்கிகளும், மடங்கி உள்ளே செல்லும் சக்கரங்களும் அதனுள் அடங்குதலும் வேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவிக்க முயன்றபோது பிறந்த வடிவமே அது. பயன் கருதிச் செய்த பொருளில் அழகு தானே வந்தமைந்தது எனலாம். அதன் பன்னிரண்டு உருளை கொண்ட ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின் ஆயிரம் குதிரைத் திறனுக்கு மேற்பட்ட வலிமை உடையது. தொடக்க காலத்து விமானமே மணிக்கு 350 மைல் வேகத்தை எட்டிற்று.

இனி மாதிரிக்கு வருவோம். இத்தகைய மாதிரிகள் பெரும்பாலும் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவில் அமைகின்றன. மெய்ப்பொருளின் ஆறடி மாதிரியில் ஓர் அங்குலமாகும். இதுவே அவ்வளவின் கணக்கு. 36 அடி 10 அங்குலம் விரிந்த ஸ்பிட்பயரின் இறகுகள், மாதிரியில் ஆறு அங்குலத்திற்குச் சிறிது மிகுந்து நிற்கும். ஏறத்தாழ முப்பதடி நீண்ட உடல் ஐந்து அங்குலத்தில் அடங்கும். வீரன் ஒருவனைத் தாங்கி வானிற் பறந்த பொறி, உள்ளங்கையில் அமரும் சிட்டுக்குருவி அளவினதாகி விடுகின்றது.

1936-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ‘பிராக் பெங்குவின்’ என்னும் பெயரால் பிளாஸ்டிக்கினாலாகிய விமான மாதிரிகள் விற்கப்பெற்றன. 1939-இல் ஹங்கேரி நாட்டினின்று வந்த நிக்கோலஸ் கோவ் என்பார் ‘ஏர்பிக்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அவர் விற்றவை காற்றடைத்த ரப்பர்ப் பொம்மைகளே. போருக்குப் பின் அந்நிறுவனம் தலைவாரும் சீப்பு முதலியவற்றை வார்த்தது. 1952-இல் டிரேக் என்னும் கடலோடியின் கப்பலை மாதிரியாக வார்த்துச் சிறு பையிலிட்டு, ஊல்வொர்த் கடைகளின் வாயிலாக இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. சில ஆண்டுகளுள் ஸ்பிட்பயரும் அவ்வரிசையிற் சேர்ந்தது. கைச்செலவுக் காசைச் சேர்த்து ஒரு சிறுவன் வாங்கத்தக்க விலையில் அமைந்தமையே இக்கலை நாடெங்கும் பரவியதற்குக் காரணமாகும்.

பெட்டியைத் திறந்தால் காணப்படுவன யாவை? உருகிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சினுள் அழுத்தி வார்த்த உறுப்புக்கள், மாங்கொத்திற் காய்கள் தொங்குதல் போல, ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். உடல் இடமும் வலமுமாக இரு பாதி. இறகு மேலும் கீழுமாகச் சில துண்டு. சுழலி, சக்கரம், இருக்கை, ஒளி ஊடுருவும் கூண்டு, நீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படங்கள், செய்முறை கூறும் தாள் ஆகியன உடனிருக்கும். இவற்றை அறுத்தெடுத்து, அரத்தால் தேய்த்து, பொருத்திப் பார்த்து, பின்னரே பசையிடுதல் வேண்டும். இப்பசை நாம் காகிதத்திற்கு இடும் பசை போன்றதன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிறிது கரைத்து, இரு துண்டையும் ஒன்றாக இறுகச் செய்கின்றது. மிகுதியாக இட்டாற் பொருள் உருகிக் கெடும்; குறைவாக இட்டாற் பிரியும். உலரும் வரை காத்திராது அடுத்த உறுப்பைப் பொருத்தினால் இறகு ஒருபுறம் தொங்கிப் போகும்.

இதனால் விளையும் நன்மைகளை மறுத்தல் இயலாது. பொறுமையைப் பற்றிய நூல்கள் பல கற்றும் பொறுமை எய்தாதவன், கூண்டின்மேற் பசைத்துளி ஒன்று படிந்தவுடன் அதனைக் கற்றுக்கொள்கின்றான். அளவை உணர்ச்சியும் வளர்கின்றது. சான்றாக, விமானத்தின் உலோகத் தகடுகள் கூடுமிடத்தைக் காட்ட மாதிரியின்மேல் நுண்கோடுகள் கீறியிருப்பர். அக்கோடு கால் மில்லிமீட்டர் அகலமுடையது எனக் கொள்வோம். எழுபத்திரண்டால் பெருக்கினால் அது 18 மில்லிமீட்டர் ஆகின்றது. மெய்யான விமானத்தில் விரல் நுழையும் அத்துணைப் பிளவு இருந்ததில்லை. எனின், அளவு தவறாத கோடு இட்டால் அது கண்ணுக்கே புலப்படாது. ஆகவே, உண்மைபோலத் தோன்றச் செய்வதற்காக உண்மையினின்று சற்று விலகவேண்டியதாகின்றது. ஓவியத்திற்கும் காவியத்திற்கும் உரிய இந்நுட்பத்தை, கலைநூல் ஒன்றும் கல்லாத சிறுவன் தன் கைத்தொழிலால் அறிந்து கொள்கின்றான். இஃது எளிய கல்வி அன்று.

மேலும், இம்மாதிரிகள் ஒரு காலத்தில் வெறும் விளையாட்டாக இல்லாது மெய்யான தேவைக்கே பயன்பட்டன. 1942-இல் அமெரிக்கக் கடற்படையினர், பள்ளி மாணவரை நோக்கி ஐந்து இலட்சம் விமான மாதிரிகளை மரத்திற் செதுக்கித் தருமாறு வேண்டினர். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவிற் செய்த மாதிரியை 35 அடித் தொலைவில் வைத்து நோக்கினால், அது அரை மைல் தொலைவிற் பறக்கும் மெய்விமானம் போலத் தோன்றும். வானிற் கண்டது நட்போ பகையோ என்பதை ஒரு நொடியில் தெளிய வீரர்க்கு இவற்றாற் பயிற்சி அளித்தனர். தவறாகத் தெளியின் தம்மவரையே சுட்டு வீழ்த்த நேரும். சிறுவன் செதுக்கிய இறகின் வளைவு பிழையாயின், அதனால் ஓருயிர் போதலும் கூடும் என்னும் நிலை இருந்தது. ஆதலின் மாதிரி என்பது உண்மைக்குக் கடன்பட்ட பொருள். அதனைச் செய்பவனும் உண்மைக்குக் கடன்பட்டவனே.

இக்கடன் எத்துணைத் தூரம் செல்லும் என்பதே எனது வினா. இறகின் வளைவிலும் வண்ணத்தின் சாயலிலும் உண்மை தவறலாகாது எனப் பல நாள் வழக்கிடும் நம் நண்பர், அவ்விமானம் எதன்பொருட்டு இருந்தது என்பதில் மட்டும் வாளாவிருத்தல் முறையாகுமோ? சில கூறுகளை எடுத்துக்காட்டுவேன்.

மாதிரியின் இறகு முன்விளிம்பில் எட்டுச் சிறு துளைகள் தோன்றும். அவையே துப்பாக்கி வாய்கள். 1940-ஆம் ஆண்டு விமானத்தில் ஒவ்வொன்றிற்கும் 300 குண்டுகள் ஏற்றுவர். துப்பாக்கியோ நிமிடத்திற்கு ஆயிரத்திற்கு மேற்பட்ட குண்டுகளைச் சுடுவது. கணக்கிட்டால், வீரன் ஒருவன் ஒருமுறை மேலே எழுந்து சென்று சுடக்கூடிய காலம் முழுவதும் ஏறத்தாழப் பதினைந்து நொடி. இக்கட்டுரையின் இரண்டு மூன்று வாக்கியங்களைப் படிக்கும் நேரம் அது. அதற்குள் அவன் பிறனைக் கொல்லவோ தான் சாகவோ வேண்டும். அவ்வெட்டுத் துளைகளை ஊசி முனையாற் கருமை தீட்டும் நண்பர் எத்துணைப் பேர் இதனை நினைத்துள்ளார்?

அடுத்து, எஞ்சினுக்கும் வீரன் அமரும் கூண்டுக்கும் இடைப்பட்ட பகுதியை நோக்குக. மாதிரியில் அது வழவழப்பான பரப்பு. அங்கே செய்தற்குரிய வேலை யாதும் இன்று. பச்சையும் பழுப்பும் தீட்டிவிட்டு அப்பாற் செல்வோம். மெய்விமானத்தில் அவ்விடத்திலேயே பெட்ரோல் தொட்டிகள் இருந்தன. 85 காலன் கொள்ளும் அவை வீரனது முழங்காலுக்கு முன்னே நின்றன. குண்டு அவற்றிற் பாய்ந்தால் தீ நேரே அவன் முகத்தையும் கைகளையும் பற்றும்.

ரிச்சர்டு ஹில்லரி என்னும் இளைஞன் நம்மைப் போல ஒரு கல்லூரி மாணவன். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தினின்று விமானப்படை புகுந்தவன். 1940 செப்டம்பர் 3-ஆம் நாள் அவனது ஸ்பிட்பயர் எரிந்தது. முகமும் கையும் வெந்து கடலில் வீழ்ந்தவனை உயிர்காக்கும் படகினர் மீட்டனர். அப்போது அவனுக்கு அகவை இருபத்தொன்று. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்னும் ஊர் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்டு மெக்கின்டோ என்னும் நியூசிலாந்து மருத்துவர், இவ்வாறு வெந்த வீரர்க்கு இமையும் உதடும் விரலும் புதிதாக அமைத்துத் தரும் அரும்பணியை மேற்கொண்டிருந்தார். கடலில் வீழ்ந்தவர்களின் புண் விரைவில் ஆறுவதைக் கண்டு, உப்புநீரில் அமிழ்த்தும் முறையைக் கையாண்டவர் அவர். அம்மருத்துவம் பெற்றவர்கள் 1941-இல் தமக்குள் ஒரு சங்கம் அமைத்தனர். போர் முடிவில் அதன் உறுப்பினர் 649 பேர். ஹில்லரி தன் வரலாற்றை ஒரு நூலாக எழுதி 1942-இல் வெளியிட்டான். மீண்டும் பறக்க விழைந்து படைக்குத் திரும்பினான். 1943 ஜனவரியில் இரவுப் பயிற்சியின்போது விமானம் வீழ்ந்து இருபத்துமூன்றாம் அகவையில் மாண்டான்.

இவ்வரலாற்றை அறிந்தபின் அவ்வழவழப்பான பரப்பு முன்போல வெறும் பரப்பாகத் தோன்றுமோ?

வீரரை மட்டும் நினைத்தலும் போதாது. 1940 செப்டம்பரிற் பகைவர் சௌதாம்ப்டன் தொழிற்சாலையைக் குண்டு வீசி அழித்தனர். தொழிலாளர் பலர் மாண்டனர். அதன்பின் அவ்வேலையைச் சலவைச் சாலைகளிலும், மோட்டார்க் கொட்டகைகளிலும், பஸ் நிற்கும் கூடங்களிலும் பிரித்து வைத்துச் செய்தனர். முன்பு தொழிற்சாலைக்குள் அடி வைத்தறியாத இளம்பெண்கள் பலர் அங்கே ஆணி இறுக்கினர். மெர்லின் எஞ்சினில் ஒரு குறை இருந்தது. விமானம் திடீரெனத் தலைகீழாகப் பாய்ந்தால் எரிபொருள் ஓட்டம் தடைப்பட்டு எஞ்சின் ஒரு கணம் அவிந்துவிடும். பீயாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியியலார் 1941-இல் நடுவே துளையிட்ட சிறு உலோக வில்லை ஒன்றைக் கண்டு அக்குறையைப் பெரிதும் போக்கினார். தொழிற்சாலையினின்று விமானங்களைப் படைத்தளங்களுக்கு ஓட்டிச் சென்றவருள்ளும் பெண்கள் இருந்தனர். பெட்டியின் மேலட்டையில் இவர்களுள் ஒருவரையேனும் காண்கின்றோமோ? அங்கே நீலவானமும், சீறிப்பாயும் விமானமும், தொலைவிற் புகைவிட்டு வீழும் பகைவிமானமுமே காணப்படும்.

ஈண்டுத் தமிழ் பயிலும் மாணவன் என்ற முறையில் ஒரு செய்தியை எடுத்துரைக்க விரும்புகின்றேன். போரை நினைவுறுத்தும் உருவங்கள் நம் முன்னோரிடத்தும் இருந்தன. ஒன்று மேற்கூறிய சிறுதேர்; மற்றொன்று நடுகல். களத்தில் வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் ஆறு துறையாக வகுத்துக் கூறுகின்றது. இன்றும் நம் நாட்டுப் பல ஊர்ப்புறங்களில் வில்லும் வாளும் ஏந்திய உருவம் பொறித்த கற்கள் நிற்கின்றன. சிறுதேர் போர்க்கருவியைக் காட்டும். ஆனால் எவன் ஊர்ந்தான், எவன் மடிந்தான் எனக் கூறாது. நடுகல்லோ வீரன் பெயரையும் அவன் வீழ்ந்த காரணத்தையும் கூறும். ஆநிரை மீட்கப் பட்டான், ஊர் காக்கப் பட்டான் என உரைக்கும். முன்னது குழந்தைக்கு உரியது. பின்னது அறிந்தோர்க்கு உரியது.

நம் நண்பர் மேசைமேல் வைக்கும் ஸ்பிட்பயர் இவ்விரண்டனுள் எது? ஐந்து அகவைச் சிறுவன் கையில் அது சிறுதேராகவே இருக்கட்டும். யாரும் குறை கூறார். ஆனால் பத்தொன்பது அகவை நிரம்பிய மாணவன், பல மாதம் உழைத்து, குறிப்பிட்ட ஒரு படையணியின் எழுத்தையும் குறிப்பிட்ட ஒரு விமானத்தின் எண்ணையும் தேடி ஒட்டி வைக்கின்றான். அவ்வெண்ணுக்குரிய விமானத்தில் ஒரு மனிதன் இருந்தான். எண்ணை எழுதிவிட்டு மனிதனை விட்டுவிடுதல், உருவம் பொறித்துப் பெயர் பொறியாத நடுகல்லை நாட்டுதற்கு ஒப்பாகும்.

இச்செய்தி நமக்கு அயலானதும் அன்று. போர்க்காலத்தில் விமானம் வாங்குதற்கென ஊரூராக நிதி திரட்டினர். ஒரு ஸ்பிட்பயருக்கு ஐயாயிரம் பவுன் எனக் கணக்கும் வகுத்திருந்தனர். பொருள் உதவிய நாடுகளின் பெயரைப் படையணிகள் சில தம் பெயரோடு சேர்த்துக்கொண்டன. அவற்றுள் 79, 234, 264 என்னும் எண்ணுடைய மூன்று அணிகள் ‘சென்னை மாகாணம்’ என்னும் பெயரைத் தாங்கின. அவற்றுள் 234-ஆம் அணி 1940-இல் ஸ்பிட்பயரை ஊர்ந்து போரிட்டது. அவ்வணியைச் சேர்ந்த ஆஸ்திரேலிய வீரன் பாட்டர்சன் ஹியூஸ் என்பான், இலண்டன் மாநகர்மீது பெருங்குண்டுவீச்சுத் தொடங்கிய செப்டம்பர் 7-ஆம் நாள் களத்தில் மாண்டான். அவனுக்கு அகவை இருபத்திரண்டு. மணமாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஆங்கிலநாட்டு வானில் ஆஸ்திரேலிய இளைஞன் உயிர் துறந்த அணி, நம் மாகாணத்தின் பெயரைப் பூண்டு நின்றது. ‘ஏஇஜட்’ என்னும் இரண்டு எழுத்தைத் தன் மாதிரியின் பக்கத்தில் ஒட்டும் தமிழ் மாணவன், நம் மாகாணத்தின் பெயரும் அவ்வெழுத்தோடு சார்ந்து கிடந்தது என்பதை அறிந்து ஒட்டுதல் நன்றன்றோ?

அறுவகைத் தடைகள் இதற்குக் கூறப்படலாம் எனினும், இரண்டே ஈண்டு ஆராயத் தக்கன.

முதலாவது: “இவ்வாறெல்லாம் நினைந்தால் விளையாட்டின் இன்பம் கெடும்” என்பது. அவ்வாறு கெடும் என எனக்குத் தோன்றவில்லை. ஒரு செய்யுளின் வரலாற்றை அறிந்தபின் அச்செய்யுளின் சுவை குறைவதில்லை, மிகுதலையே காண்கின்றோம். கோவலன் கொலையுண்ட இடம் மதுரை என்பதை அறிந்தவனுக்கு மதுரைத் தெருக்கள் சுவையற்றுப் போவதில்லை. அறியாமையால் நிலைபெறும் இன்பம் அறிவு வந்தவுடன் அழியுமாயின், அது போதலே நன்று.

இரண்டாவது: “கொலைக் கருவியாயின், அதனைச் செய்யாதே விடுதலன்றோ அறம்?” என்பது. இவ்வாறு வினவுவாரின் நல்லெண்ணத்தை மதிக்கின்றேன். ஆனால் காணாது விடுதலால் நேர்ந்தது நேராததாகி விடாது. இக்கருத்தை மேற்கொண்டாற்போல, மாதிரிப் பெட்டிகளின் மேலட்டை ஓவியங்களில் முன்பு இருந்த நெருப்பையும் குண்டுவெடிப்பையும் பிற்காலத்துப் பதிப்புக்களில் அழித்துவிட்ட துண்டு. அதனால் விளைந்தது யாது? துப்பாக்கி இருந்தது, விமானம் இருந்தது, அதன் பயன் மட்டும் மறைந்தது. போரைத் தூய்மையான வான்வீதி உலாவாகக் காட்டுதல், நெருப்பைக் காட்டுதலினும் பெரும்பிழை என்பேன். உண்மையை மறைத்து அறம் வளர்த்தல் அரிது.

பகைவர் விமானத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். ஸ்பிட்பயர் செய்தவன் அதன் அருகே மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்னும் ஜெர்மானிய விமானத்தையும் செய்து வைக்க விரும்புவான். அதன் வாலில் இருந்த நாஜிக் குறியை ஜெர்மனி நாட்டின் சட்டம் பொதுவிற் காட்டத் தடை செய்கின்றது. ஆகவே பல பெட்டிகளில் அக்குறி இராது, அன்றி இரு துண்டாகப் பிரிந்து கிடக்கும். வாங்குபவன் அதனை ஒரு குறைபாடாகக் கருதி முணுமுணுப்பான். ஆனால் அக்குறியின்கீழ் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர் என்பதை அறிந்த ஒரு நாடு, தன் நாணத்தையும் துயரையும் சட்டமாக எழுதி வைத்துள்ளது. அவ்வெற்றிடமும் வரலாறே. அவ்விமானத்தில் அமர்ந்தவனும் ஒரு தாயின் மகனே என்பது ஒருபுறம். அவன் எத்தகைய ஆட்சிக்காகப் பறந்தான் என்பது மற்றொருபுறம். இரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்ளுதல் கடினம். கடினமாயினும், கற்றவர் செய்யத்தக்கது அதுவே.

இதுகாறும் கூறியவற்றால் யான் வேண்டுவது மிகச் சிறிது. நம் கல்லூரியிற் கைத்தொழிற் பொருட்காட்சி நிகழுங்கால், விமானம், கப்பல், பீரங்கி முதலியவற்றின் மாதிரிகளை வைக்கும் மாணவர், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு அட்டை வைத்தல் வேண்டும். அதில் மாதிரியின் அளவும் வண்ணத்தின் பெயரும் எழுதுவதோடு நில்லாது, அப்பொறியை வகுத்தவர் யார், கட்டியவர் யார், எந்நாளில் எவ்விடத்து யாருக்கு அதனால் யாது நேர்ந்தது என்பனவற்றையும் நான்கு வரியில் தமிழில் எழுதுக. 1940 ஜூலை முதல் அக்டோபர் வரை பிரிட்டனைக் காக்கப் பறந்தவர் ஏறத்தாழ 2,900 பேர். அந்நான்கு மாதத்துள் மடிந்தவர் 544 பேர். அவர்களுள் ஒருவர் பெயரையேனும் தேடி எழுதுக. அப்போரில் ஸ்பிட்பயரினும் மிகுதியாகப் பறந்தது ஹரிகேன் என்னும் மற்றொரு விமானம். வடிவழகிற் குறைந்தமையால் அதனைச் செய்து வைப்பார் சிலரே. புகழ் எப்பொழுதும் உழைப்பின் அளவாக வருவதில்லை என்பதை உணர்த்த, அதனையும் ஒருவர் செய்து வைப்பாராக.

நூல்நிலையத்தார் இதற்குத் துணைசெய்தல் எளிது. வரலாறு பயில்வோர் செய்தி தேடித் தரலாம். பௌதிகம் பயில்வோர் இறகின் தத்துவம் எழுதித் தரலாம். தமிழ் பயில்வோர் நான்கு வரியை நல்ல தமிழில் அமைத்துத் தரலாம். தனியறையில் ஒருவன் ஒட்டிய மாதிரி இவ்வாறு பலர் கூடிக் கற்கும் பாடமாக மாறும். செலவு யாதும் இல்லை. வேண்டுவது ஒரு துண்டு அட்டையும் ஒரு மாலைப்பொழுதுமே.

கையின் திறமையைக் குறைகூறுவது என் கருத்தன்று; அத்திறமைக்குத் தக்க அறிவு உடன்வரல் வேண்டும் என்பதே வேண்டுகோள். எழுபத்திரண்டில் ஒரு பங்காக விமானத்தைச் சுருக்கலாம், இறகைச் சுருக்கலாம், துப்பாக்கியையும் சுருக்கலாம். அதனுள் அமர்ந்து எரிந்தவனது துன்பத்தைச் சுருக்குதற்கு அளவுகோல் யாதும் இல்லை. மாணவ நண்பர்காள்! மாதிரிகளைச் செய்ம்மின், செவ்வையாகச் செய்ம்மின், செய்து முடித்தபின் பெயரையும் எழுதி வைம்மின்.